சாப்பாடு இல்லாத பானை

தண்டுக்கீரையின் அடித்தண்டில் நகத்தை வைத்துக் கீறி இழுத்தால் மேல்தோல் நூல் போல நுனிவரை வந்துவிடும். இசில்டா சமையலறைப் படியில் உட்கார்ந்து அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தாள். மடியில் ஒரு கட்டுக் கீரை, காலடியில் அலுமினியத் தட்டு. உள்ளே அடுப்பில் உப்பு இறங்கப் போட்ட உப்புமீன் கொதித்துக்கொண்டிருந்தது. அதோடு சேர்ந்து வேக வேறொன்றும் இல்லை.

எங்கள் தீவின் ட்ரெலானி மலையில் ஒரு வீட்டுக்கு இதைவிடப் பெரிய தலைக்குனிவு கிடையாது. எங்கள் பக்கம் சாப்பாடு என்றால் மஞ்சள் வள்ளிக்கிழங்கு. அதற்கடுத்தபடி வாழைக்காய், ஈரப்பலா, மாவுருண்டை. மீன், கோழி, கீரை எல்லாம் சாப்பாட்டில் சேராது. அவற்றுக்கு ‘உப்பு’ என்று பெயர். சாப்பாட்டோடு கூடப் போகிற துணை, அவ்வளவுதான். கல்யாண வீட்டில் தட்டு நிறைய ஆட்டுக்கறி வைத்துக் கிழங்கு வைக்க மறந்துவிட்டால், “அந்த வீட்டுல எனக்குச் சாப்பாடே போடல” என்று ஊரெல்லாம் சொல்லுவார்கள். அவர்கள் பொய் சொன்னதாக யாரும் நினைக்க மாட்டார்கள்.

அப்படிப்பட்ட மலையில், கிழங்குக்காரன் பெண்டாட்டியின் அடுப்பில் கீரையும் மீனும் மட்டும் வெந்தன. அதுவும் இசில்டாவின் அடுப்பில். சாவு வீடு என்றால் முதலில் அவளுக்குத்தான் ஆள் அனுப்புவார்கள். கல் கூட்டி, எண்ணெய் டின் அளவு பானைகளை ஏற்றி, உள்ளங்கையில் மாவைத் தட்டி வண்டிச்சக்கரம் போல உருண்டை போடுவாள். துக்கத்துக்கு வந்தவர்கள் துக்கத்தை மறந்து இரண்டாம் தட்டு கேட்பார்கள். “இசில்டா கரண்டி பிடிச்சா செத்தவனே எழுந்து வந்து வரிசையில நிப்பான்” என்று ஒரு பேச்சு உண்டு.

ஆனால் அவளுடைய சொந்த அண்ணன் கிளிஃப்டன் எழுந்து வரவில்லை. அவனுக்கு சுகர். எங்களுக்கு வியாதிக்கும் அதே பெயர், டப்பாவில் இருக்கிற சர்க்கரைக்கும் அதே பெயர். முதலில் கால் விரலில் ஒரு புண். பிறகு விரல் போயிற்று, பாதம் போயிற்று, முழங்காலுக்குக் கீழே எல்லாம் போயிற்று. கடைசி வருஷம் அவனைத் தூக்கிக் குளிப்பாட்டியது இசில்டாதான். கட்டை போலிருந்த அந்தத் தொடையைச் சோப்புப் போட்டுக் கழுவிய கை அவளுடையது. அதனால், அவள் புருஷன் லின்வாலுக்கும் சுகர் என்று சொன்ன அன்று அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்து சர்க்கரை டப்பாவைக் கோழிக் கொட்டிலுக்குப் பின்னால் கொட்டிக் கவிழ்த்தாள். தேன், ரொட்டிக்குத் தடவும் கொய்யா ஜாம், பண்டிகைக்கு வைத்திருந்த சிவப்பு சிரப் எல்லாம் போயின. காலையில் காபிக்குப் பதிலாகக் கசக்கக் கசக்கப் பாகற்கொடிக் கஷாயம் வந்தது.

“இதைக் குடிக்கிறதுக்கு சுகரே பரவாயில்ல” என்றான் லின்வால்.

“கிளிஃப்டன்கிட்டப் போய்ச் சொல்லு” என்றாள் அவள்.

லின்வாலின் தங்கை டோரெட் சாலைக்கு எதிர்ப்புறம் சின்னக் கடை வைத்திருக்கிறாள். அந்த வருஷம் ஈஸ்டருக்கு அவள் வழக்கம்போலப் பன்னும் சீஸும் கொடுத்தனுப்பினாள். இசில்டா அதைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினாள். ஈஸ்டர் பன்னைத் திருப்பி அனுப்புவது எங்கள் ஊரில் வாசலில் காறித் துப்புவதற்குச் சமம். அன்றிலிருந்து நாத்தனாருக்கும் அவளுக்கும் பேச்சில்லை.

இத்தனை செய்தும் சுகர் இறங்கவில்லை. லின்வாலின் இடது கால் விரலில் ஒரு புண் வந்தது. ஆறவே மாட்டேன் என்றது. கிளினிக்கில் இன்சுலின் எழுதிக் கொடுத்தார்கள். லின்வாலுக்குக் கண் மங்கல், ஊசியின் கோடு தெரியாது. அதனால் தினமும் காலையில் ஊசி போடுவது இசில்டாவின் வேலையாயிற்று. கியூபாவிலிருந்து வந்த புது டாக்டரம்மா எங்கள் பேச்சை அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தாள். வழக்கமாகப் பக்கத்தில் நின்று புரியவைக்கிற நர்ஸ் ரிக்கெட்ஸ் அன்று லீவு.

“சாப்பாடு அதிகம்” என்றாள் டாக்டரம்மா, லின்வாலின் வயிற்றைக் காட்டி. “சாப்பாடு குறைக்கணும். ரொம்பக் குறைக்கணும். ஊசி போட்டா, அப்புறம் சாப்பிடணும்.”

இசில்டா பக்தியோடு தலையாட்டினாள். அன்றே பானையில் கிழங்கு பாதியாயிற்று. அடுத்த முறை போனபோதும் சுகர் மேலேயேதான் நின்றது. டாக்டரம்மா ஊசியின் அளவை நன்றாகக் கூட்டினாள். விரலை அழுத்திப் பார்த்து, அடுத்த தடவையும் இப்படியே இருந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்றாள். லின்வாலின் முகம் சாம்பலாயிற்று.

“நான் சாப்பாட்டை நிறுத்தியே விடறேன், டாக்டர்” என்றாள் இசில்டா.

டாக்டரம்மா சிரித்துவிட்டாள். “நிறுத்தினா செத்துப் போவார்!”

நல்ல தமாஷ் என்று இசில்டாவும் சிரித்தாள். கிழங்கு தின்னாமல் யார் செத்தார்கள்? வீட்டுக்கு வந்து நிறுத்தினாள். தட்டு நிறையக் கீரை, முட்டைக்கோஸ், மீன். ‘ஊசி போட்டால் சாப்பிடணும்’ என்று சொன்னார்களே, அதற்கு அது போதும்.

அந்த வாரம் லின்வால் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் தின்றான். அதுவே அவளுக்கு ஆச்சரியம்.

அன்று காலை அவள் ஊசி போட்டாள், கீரை கொடுத்தாள், அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேல்தோட்டத்துக்குப் போனான். கிழங்கு நடுகிற பருவம். செம்மண்ணை இழுத்து இடுப்பளவு மேடு கட்ட வேண்டும். இரண்டு பிள்ளைகளில் ஒருவன் கடற்கரை ஹோட்டலில், ஒருவன் கனடாவில் ஆப்பிள் பறிக்கிறான். மேடு கட்ட லின்வாலை விட்டால் ஆளில்லை. அதனால்தான் மதியத்துக்கான கீரையைக் காலையிலேயே எடுத்து உட்கார்ந்தாள், அவன் பசியோடு வருவானே என்று.

வந்தான். ஆனால் மதியத்துக்கு வெகு முன்பே.

மண்வெட்டியைக் காணோம். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மலைக்காற்று சில்லென்று அடிக்கும்போது அவன் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. படியருகே வந்து அவளையே பார்த்தான்.

“அம்மா, கழுதையைக் கட்டிட்டியா?”

“யாரு உனக்கு அம்மா?” என்றாள் இசில்டா, கீரையிலிருந்து கண்ணெடுக்காமல். “கழுதை செத்து எத்தனை வருஷமாச்சு. வெயில் ஏறிடுச்சா தலையில?”

“வாயை மூடு, பொம்பள! கழுதை எங்கே?”

அவள் கை நின்றது. கல்யாணமான நாளிலிருந்து லின்வால் அவளிடம் அப்படிப் பேசியதில்லை. சண்டை வந்தால் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போவானே தவிர, வாயைத் திறக்கிற ஆளில்லை. எழுந்து அவன் வாயை முகர்ந்து பார்த்தாள். ரம் வாசனை இல்லை. அவன் கைகள் வெடவெடவென்று நடுங்கின. தோளைப் பிடித்து உள்ளே நடத்திக் கட்டிலில் உட்காரவைத்தாள். பே ரம் என்கிற இலைத் தைலத்தைத் துணியில் நனைத்து நெற்றியில் ஒற்றினாள். அதற்கும் அவன் கையைத் தட்டிவிட்டான்.

சுகர் எகிறிவிட்டது என்றுதான் நினைத்தாள். கிளிஃப்டனும் கடைசியில் இப்படித்தான் ஆள் தெரியாமல் பேசினான். சுகர் பார்க்கிற மெஷினை எடுத்து லின்வாலின் விரலில் குத்தி ரத்தத்தைத் தொட்டு வைத்தாள். நம்பர் வருவதற்குள் பைபிள் சங்கீதம் ஒன்றில் பாதி சொல்லிவிட்டாள்.

நம்பர் வரவில்லை. எழுத்து வந்தது. லோ.

இசில்டா மெஷினை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மறுபடி பார்த்தாள். லோ. குறைவு.

“லின்வால்! லோ! ஆண்டவரே, லோ வந்துடுச்சுப்பா! இறங்கிடுச்சு! உன் விரல் தப்பிச்சுது!” அவனைக் கட்டிக்கொண்டாள். அவன் அவள் தோளில் ஈர மூட்டை போலச் சாய்ந்தான். களைப்பு என்று நினைத்துத் தலையணையில் சாய்த்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டியருகே ஓடினாள். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். இந்தச் சேதியை நர்ஸ் ரிக்கெட்ஸிடம் சொல்லாமல் அவளால் இருக்க முடியாது.

“நர்ஸ், இசில்டா பேசறேன். இறங்கிடுச்சு, நர்ஸ்!”

“ரொம்பச் சந்தோஷம், மிஸ் இசில்டா. எவ்வளவு காட்டுது?”

“நம்பரே இல்ல. லோன்னு எழுத்துலயே வந்துடுச்சு. இதுக்கு முன்னாடி வந்ததே இல்ல!”

மறுமுனையில் நாற்காலி பின்னால் தள்ளப்படுகிற சத்தம் கேட்டது. “அவர் முழிச்சிருக்காரா? பேசறாரா?”

“என்னை அம்மாங்கறார். வேர்த்துக் கொட்டுது. ஏதோ களைப்பு...”

“மிஸ் இசில்டா, நான் சொல்றதைக் கேளுங்க. அது நல்ல சேதி இல்ல. மெஷினால அளக்க முடியாத அளவுக்கு இறங்கிடுச்சுன்னு அர்த்தம். மூளைக்குப் போக ரத்தத்துல சர்க்கரை இல்ல. இப்பவே அவருக்குச் சர்க்கரை குடுங்க. இப்பவே!”

“சர்க்கரையா? சுகர்காரனுக்கா?”

“இப்ப அது மருந்து. தண்ணியில கரைச்சுக் குடுங்க. விழுங்க முடியலேன்னா வாயில ஊத்தாதீங்க, மூச்சுக்குழல்ல போயிடும். ஒரு பக்கமாப் படுக்கவச்சு, கன்னத்துக்கு உள்ளே கொஞ்சங் கொஞ்சமாத் தடவுங்க. நான் வண்டியோட கிளம்பறேன்.”

“நர்ஸ், எங்க வீட்டுல சர்க்கரையே கிடையாது” என்றாள் இசில்டா. எத்தனையோ தடவை பெருமையாகச் சொன்ன வாக்கியம் அது. வாயிலிருந்து வெளியே வந்த பிறகுதான் அது என்ன வாக்கியம் என்று அவளுக்குப் புரிந்தது. “கிழங்கு இருக்கு. வேகவச்சு...”

“கிழங்கு வெந்து, வயித்துல கரைஞ்சு, ரத்தத்துல ஏறறதுக்கு நேரமில்ல! ஓடுங்க!”

உள்ளே எட்டிப் பார்த்தாள். லின்வால் தலையணையிலிருந்து சரிந்து கிடந்தான். கண் பாதி திறந்திருந்தது. பல் கிட்டியிருந்தது. அவனைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டுச் சாலையைக் குறுக்கே கடந்து ஓடினாள். ஒரு செருப்பு சேற்றில் நின்றுவிட்டது.

டோரெட் கடையில் கம்பி வலைக்குப் பின்னால் கருவாடு நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்ததும் அவள் வாய் கோணியது.

“அடடே, பட்டினி ஆஸ்பத்திரி மேட்ரன் வந்திருக்காங்க! என்ன விசேஷம்?”

“டோரெட், சர்க்கரை குடு.”

“என்ன?”

“சர்க்கரை! சீக்கிரம்!”

டோரெட் கத்தியை வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள். “சோதனை போட வந்தியா, இசி? என்னைச் சர்க்கரையும் கையுமாப் பிடிச்சு சர்ச்சுல நிறுத்தப் பாக்கறியா? யார் உங்கிட்டச் சொன்னாங்களோ அவங்களைக் கூட்டிட்டு வா. இந்த வாரம் அவனுக்கு நான் ஒரு டின் பால்கூடக் குடுக்கல.”

இந்த வாரம்.

அந்த வார்த்தை இசில்டாவின் காதில் விழுந்தது. ஆனால் அதை எடுத்துப் பார்க்க அப்போது நேரமில்லை. “அவன் பல் கிட்டிக் கிடக்கான், டோரெட்! சர்க்கரை இறங்கிப் போச்சு. நர்ஸ் சொல்றாங்க, இப்ப குடுக்கலேன்னா...” வலையைப் பிடித்து உலுக்கினாள். “உன் அண்ணன்டி!”

டோரெட் அலமாரியிலிருந்து ஒரு டின் இனிப்புப் பாலையும் பனிக்கட்டி குத்துகிற ஊசியையும் எடுத்துக்கொண்டு மறுவாசல் வழியாக வந்தாள். ஓடிக்கொண்டே டின்னின் தலையில் இரண்டு ஓட்டை குத்தினாள். பழகிய கை.

லின்வாலின் உதட்டோரத்தில் எச்சில் வழிந்துகொண்டிருந்தது. டோரெட் அவன் தலையைப் பிடித்துக்கொண்டாள். இசில்டா விரலில் பாலை வழித்து, கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே நுழைத்துத் தேய்த்தாள். கெட்டியான, மஞ்சள் பாய்ந்த, ஊர்க் குழந்தைகள் எல்லாம் விரல் விட்டு நக்குகிற அதே பால். கிளிஃப்டனின் தொடை ஞாபகம் வந்தது. இன்னொரு விரல். இன்னொரு விரல்.

“நான் அவனைக் கொன்னுட்டேனா?” என்றாள்.

“தேய்” என்றாள் டோரெட்.

“ஏறலியே...”

“தேய்டி, பேசாதே.”

முதலில் அசைந்தது நாக்கு. விரலைத் தேடி வந்து ஒட்டியது, கன்றுக்குட்டியின் நாக்கு மாதிரி. பிறகு தொண்டை ஒரு முறை விழுங்கியது. இசில்டா தரையில் உட்கார்ந்துவிட்டாள். டோரெட் டின்னை வாங்கிக்கொண்டு தொடர்ந்து தடவினாள். நர்ஸின் வண்டி வாசலில் வந்து நின்றபோது லின்வால் எழுந்து உட்கார்ந்து, தன் சட்டையில் ஏன் பால் கொட்டியிருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தான்.

கிளினிக்கில் நர்ஸ் ரிக்கெட்ஸ் அவர்கள் மூவரையும் உட்காரவைத்தாள். லின்வால் கையில் ஒரு ரொட்டி கொடுத்துத் தின்னச் சொல்லிவிட்டு, இசில்டா என்ன சமைத்தாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். இசில்டா சொன்னாள். நர்ஸ் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

“டாக்டர் சாப்பாடுன்னு சொன்னது தட்டுல இருக்கிற எல்லாத்தையும், மிஸ் இசில்டா. மீனும் சாப்பாடு, கீரையும் சாப்பாடு.”

“கீரை எப்படிச் சாப்பாடாகும்?” என்றாள் இசில்டா, உண்மையிலேயே புரியாமல்.

“அவங்க ஊர்ல ஆகும்.” நர்ஸுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். “சரி, உங்க அடுப்பை வச்சே சொல்றேன். காஞ்ச தேங்காய் மட்டையைப் போட்டா என்ன ஆகும்?”

“குப்புனு பத்தும். உடனே அணைஞ்சிடும்.”

“அதுதான் சர்க்கரை, தேன், டின் பால். நல்ல வைரக் கட்டை?”

“மெதுவாப் பிடிக்கும். ரொம்ப நேரம் நின்னு எரியும்.”

“அது கிழங்கு, வாழைக்காய், மாவு. மாவுச்சத்தும் சர்க்கரைதான். சங்கிலி மாதிரி நீளமாக் கோத்திருக்கும். வயிறு அதைக் கண்ணி கண்ணியா உடைச்சுச் சர்க்கரையாக்கித்தான் ரத்தத்துக்கு அனுப்பும். சந்தேகமா இருந்தா ஒரு வாய்க் கிழங்கை விழுங்காம மென்னுக்கிட்டே இருங்க. கடைசியில இனிக்கும்.”

இனிக்காத கிழங்கும் சர்க்கரை என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. “அப்ப நான் நிறுத்தினது சரிதானே?”

“குறைச்சிருந்தா சரி. நீங்க அடுப்புல இருந்த கட்டையை மொத்தமா உருவிட்டீங்க. கீரையில நார்தான் நிறைய. அதுவும் இந்தச் சர்க்கரைச் சங்கிலிக் குடும்பம்தான், ஆனா நம்ம உடம்பால அதை உடைக்க முடியாது. வயித்துக்கு நல்லது, மத்த சர்க்கரை சட்டுனு ஏறாமப் பாத்துக்கும். ஆனா எரியாது, ஈர மட்டை மாதிரி. மீன் வேற ஜாதி, இவ்வளவு அவசரத்துக்கு உதவாது. இன்சுலின் என்ன பண்ணும்? ரத்தத்துல இருக்கிற சர்க்கரையைப் பிடிச்சு உடம்புக்குள்ள தள்ளும். தள்ள ஒண்ணும் வரலேன்னா இருக்கிற கொஞ்சத்தையும் தள்ளிடும். ஈரல்ல, தசையில கொஞ்சம் சேத்து வச்சிருக்கும். அதையும் இவர் மேடு வெட்டியே தீத்துட்டார். மூளை மட்டும் சர்க்கரையை விட்டா வேற விறகைச் சட்டுனு ஏத்துக்காது. அதான் நீங்க அவருக்கு அம்மாவாயிட்டீங்க.”

லின்வால் ரொட்டியைப் பார்த்துக்கொண்டு மென்றான்.

“ஒண்ணுதான் எனக்குப் புரியல” என்றாள் நர்ஸ். “இவ்வளவு கட்டுப்பாட்டுல சுகர் ஏன் இத்தனை மாசமா இறங்கல? இறங்கலேன்னுதான் டாக்டர் ஊசியைக் கூட்டினாங்க. மிஸ்டர் லின்வால், வெளியில ஏதாவது சாப்பிட்டீங்களா?”

“நானா? இவ குடுத்ததுதான்” என்றான் லின்வால்.

டோரெட் காலடியிலிருந்த பையின் பிடியைத் திருகினாள். இசில்டாவின் காதில் அந்த வார்த்தை மறுபடி வந்து உட்கார்ந்தது. இந்த வாரம்.

நர்ஸ் மூன்று முகங்களையும் பார்த்தாள். “இப்போதைக்கு டாக்டர் ஊசியைக் குறைக்கச் சொல்லிட்டாங்க. காலையில போடறதுக்கு முன்னாடி எனக்கு போன் பண்ணுங்க. ஆனா இவர் நிஜமா என்ன சாப்பிடறாருன்னு தெரியாம நான் அளவு சொல்றது, கண்ணைக் கட்டிக்கிட்டுக் கத்தி வீசற மாதிரி. மேல போனா கால் போகும். கீழே போனா இன்னிக்கு மாதிரி. அடுத்த தடவை பக்கத்துல யாரும் இல்லாமப் போகலாம்.”

திரும்பி வந்த டாக்சியிலிருந்து இறங்கும்போது டோரெட் லின்வாலை முன்னால் போகவிட்டு இசில்டாவின் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“தினம் டின் பால் குடுத்தேன், இசி. பசின்னு வந்து நிப்பான். கூடப் பிறந்தவன், எப்படிப் பாத்துட்டு இருக்கறது? விரலை எடுப்பாங்கன்னு டாக்டர் சொன்னதும் பயந்துட்டான். ‘இனிமே வேணாம், நான் இசி சொல்ற மாதிரி ஒழுங்கா இருக்கப் போறேன்’னான். அதான் இந்த வாரம் குடுக்கல.”

“ஒழுங்கா இருந்ததாலதான் விழுந்தான்” என்றாள் இசில்டா.

“உன் செருப்பு” என்று டோரெட் சேற்றிலிருந்து அதை எடுத்து வாசற்கல்லில் தட்டிக் கொடுத்தாள்.

சாயங்காலம் இசில்டா கிழங்கு வேகவைத்தாள். நர்ஸ் கைமுட்டியளவு என்று சொல்லியிருந்தாள். தன் கைமுட்டியை வைத்துப் பார்த்து, பிறகு கொஞ்சம் யோசித்து, லின்வாலின் கைமுட்டியளவுக்கே வெட்டினாள். மஞ்சளாக, ஆவி பறக்க, தட்டில் அது கீரைக்குப் பக்கத்தில் இருந்தது. லின்வால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“சாப்பாடு” என்றான், வெகுநாள் கழித்துப் பார்த்த உறவுக்காரனைக் கூப்பிடுகிற மாதிரி.

அவள் சிரிக்கவில்லை. எதிரே உட்கார்ந்து ஊசி டப்பாவை மேஜைமேல் வைத்தாள். அவன் ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டு மென்றான். ரொம்ப நேரம் மென்றான்.

“இனிக்குதா?” என்றாள்.

“ம்.”

“டோரெட் சொல்லிட்டா.”

மெல்லுவது நின்றது.

“திட்டப் போறதில்ல. எனக்கு அதுக்குத் தெம்பும் இல்ல” என்றாள் இசில்டா. “ஆனா தினம் காலையில அந்த ஊசியைப் பிடிக்கறது என் கை. நர்ஸ்கிட்ட சொன்ன அதே பொய்யைத்தான் இத்தனை மாசமா எனக்கும் சொன்னே. அந்தப் பொய்யை நம்பி இன்னிக்கு நான் உனக்குள்ள மருந்து ஏத்தினேன். நாளைக்கும் ஏத்தணும். அதனால கேக்கறேன். நான் வைக்கிறதை மட்டும்தான் சாப்பிடுவேன்னு சொல்லு. இல்ல, என்னால முடியாது, ஒளிஞ்சு தின்னத்தான் செய்வேன்னாவது சொல்லு. ரெண்டுல எதுன்னாலும் பரவாயில்ல, லின்வால். அதுக்குத் தகுந்த மாதிரி அளவு கேட்டுப் போடறேன். எது?”

லின்வால் தட்டைப் பார்த்தான். டப்பாவைப் பார்த்தான். மீதிக் கிழங்கை வாயில் போட்டுக்கொண்டான். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து, சண்டை வந்தால் செய்வது போலவே ஆணியில் மாட்டியிருந்த தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.